'காவ்யநீதி'யைத் தமிழில் எப்படி எழுதுவது, எங்கே எழுதலாம்?

கிணத்தடி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். நான் பாலக்காட்டு எல்லையோரம், கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வீட்டில் தமிழ், படித்தது தமிழ் மீடியம், காலையில் வருகிற பேப்பர் மட்டும் மலையாளம். எங்கள் ஊர் வாசகசாலையில் வருஷம் ஒரு கையெழுத்துப் பத்திரிகை கொண்டுவருகிறோம். பாதி மலையாளம், பாதி தமிழ். இந்த முறை ஒரு மலையாளக் கட்டுரையைத் தமிழாக்கும் பொறுப்பு எனக்கு.

அதில் 'காவ்யநீதி' என்ற சொல் மூன்று இடங்களில் வருகிறது. ஆற்று மணலை லோடு லோடாக அள்ளி விற்ற ஒருவரின் தோட்டக் கிணறு வற்றிப்போனது. ஒரே ஓட்டில் ஜெயித்து மெம்பரான ஒருவர் அடுத்த தேர்தலில் ஒரே ஓட்டில் தோற்றது. வட்டிக்கு விட்டு ஏழைகளைப் பிழிந்த ஒருவர் பக்கவாதம் வந்து படுத்துவிட்டது. மூன்றையும் எழுதியவர் காவ்யநீதி என்கிறார்.

முதல் கேள்வி, தமிழில் இதற்கு எந்தச் சொல் சரி? கவிதை நீதி என்று போட்டால் யாருக்குப் புரியும்?

இரண்டாவது கேள்விதான் என்னை உறுத்துகிறது. அந்த வட்டிக்காரர் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். மோசமான மனிதர்தான், மறுக்கவில்லை. என் சித்தியின் தாலிக்கொடி அவரிடம் போய்த் திரும்பவே இல்லை. ஆனால் போன வாரம் அந்தப் பக்கம் போனபோது, அவர் மனைவி திண்ணையில் வைத்து ஸ்பூனால் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். பாதி கஞ்சி வாய் ஓரத்தில் வழிந்தது. அதைப் பார்த்த பிறகு அந்த வாக்கியத்தில் 'நீதி' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. மொழிபெயர்ப்பாளருக்கு இதில் பேச இடம் உண்டா?

வாளையார் ரோடு எழுதியது:

இதுக்கு எதுக்குப் புதுச் சொல்லு அக்கா? 'தன் வினை தன்னைச் சுடும், ஓட்டப்பம் வீட்டைச் சுடும்' என்று நம்மிடம் இருக்கிறதே. மணல் அள்ளினவருக்கு அப்படியே பொருந்தும். 'கெடுவான் கேடு நினைப்பான்', 'வினை விதைத்தவன் வினை அறுப்பான்', எதை வேண்டுமானாலும் போடலாம். எங்கள் கடைக்கு வருகிற லோடுமேன்களிடம் காவிய நீதி என்றால் ஏதோ சினிமாப் பேர் என்று நினைப்பார்கள்.

பழைய வாத்தியார் எழுதியது:

தம்பி சொன்ன பழமொழி அருமையானது. பட்டினத்தாருக்கு அவருடைய அக்காவே விஷம் வைத்த அப்பத்தைக் கொடுக்க, அவர் அதை அந்த வீட்டுக் கூரையிலேயே செருகிவிட்டுப் போக, வீடு பற்றி எரிந்தது என்பது கதை. கொடுத்த அப்பமே கொடுத்த வீட்டை எரித்தது. ஆனால் பழமொழி, செய்கிறவனைப் பார்த்து 'செய்யாதே' என்று எச்சரிக்கிற பேச்சு. கிணத்தடி அம்மிணி கேட்கிற சொல்லோ, நடந்து முடிந்ததைப் பார்த்து 'இது எப்படிப் பொருந்தி வந்தது பார்' என்கிற பேச்சு. இரண்டுக்கும் வேலை வேறு.

சொல்லுக்கு வருகிறேன். கவிதை நீதி, கவித்துவ நீதி, காவிய நீதி என்று மூன்று விதமாகவும் எழுதுகிறார்கள். முப்பது வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் நான் காவிய நீதி என்பேன். 'பொயட்டிக் ஜஸ்டிஸ்' என்று இதற்குப் பெயர் வைத்தவர் தாமஸ் ரைமர் என்ற ஆங்கில விமர்சகர். 1678-ல் பழைய சோக நாடகங்களைப் பற்றி எழுதிய புத்தகத்தில் அதைப் பயன்படுத்தினார். அவர் பேசியது நாடகத்தைப் பற்றி. அந்தக் காலத்தில் 'பொயட்ரி' என்றால் நாடகமும் அதில் அடக்கம். கவிதை என்று நாம் இன்று சொல்கிற நாலு வரி, எட்டு வரிச் சமாச்சாரத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. கதை வேண்டும், கதையில் ஆள் வேண்டும். அதனால்தான் காவியம் பொருத்தம். எல்லைக்கு அந்தப் பக்கமும் அதே சொல் இருப்பது உங்கள் பத்திரிகைக்கு இன்னும் வசதி.

ரைமருடைய கட்சி என்னவென்றால், உலகத்தில் நல்லவன் வாழ்வதும் கெட்டவன் வீழ்வதும் நிச்சயம் இல்லை, ஆகவே நாடகத்திலாவது ஆசிரியன் அதை நடத்திக் காட்ட வேண்டும் என்பது. இது எவ்வளவு தூரம் போனது என்பதற்கு ஒரு உதாரணம் போதும். ஷேக்ஸ்பியரின் லியர் அரசன் நாடகத்தில் கடைசி மகள் கார்டீலியா ஒரு பாவமும் அறியாமல் சாகிறாள். நாஹும் டேட் என்பவர் 1681-ல் முடிவை மாற்றி, அவளைப் பிழைக்க வைத்துக் கல்யாணமும் செய்துவைத்தார். 1838-ல் மக்ரெடி என்ற நடிகர் பழைய முடிவைத் திரும்ப மேடைக்குக் கொண்டுவரும் வரை, ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல், இங்கிலாந்து மேடையில் அந்த மாற்றிய முடிவுதான் பெரும்பாலும் ஓடியது. இடையிலே 1711-ல் அடிசன் என்ற கட்டுரையாசிரியர் எழுந்து, நல்லதும் கெட்டதும் எல்லா மனிதருக்கும் ஒன்றுபோலத்தானே வருகின்றன, இந்த விதி எங்கிருந்து வந்தது என்று கேட்டார். அடிசன் கேட்டது சரியான கேள்வி என்பது என் எண்ணம்.

இன்று அந்தச் சொல்லின் பொருள் குறுகிக் கூர்மையாகிவிட்டது. கெட்டவன் கெட்டான் என்பது மட்டும் போதாது. அவன் செய்த கெடுதல் எந்த உருவத்தில் இருந்ததோ அதே உருவத்தில் திரும்ப வர வேண்டும். யார் தலையில் கைவைத்தாலும் சாம்பலாக வேண்டும் என்று வரம் வாங்கிய பஸ்மாசுரன், தன் தலையிலேயே கைவைத்துச் சாம்பலானான். அவனுக்குப் பாம்பு கடித்திருந்தால் அது சாவு, அவ்வளவுதான்.

அரிஸ்டாட்டில் ஒரு சம்பவம் சொல்கிறார். ஆர்கோஸ் நகரத்தில் மீட்டிஸ் என்பவனுக்கு ஒரு சிலை. அவன் சாவுக்குக் காரணமானவன் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அது சாய்ந்து அவன்மேலேயே விழுந்து கொன்றது. இப்படிப்பட்டவை வெறும் தற்செயல் என்று மனசுக்குப் படுவதில்லை என்கிறார். கவனியுங்கள், தற்செயல் இல்லை என்று அவர் சொல்லவில்லை. அப்படித் தோன்றுவதில்லை என்கிறார்.

இப்போது உங்கள் மூன்று இடங்கள். மணல் சரியான பொருத்தம். ஆற்று மணல்தான் தண்ணீரைப் பிடித்துவைக்கும். அதை அள்ளினால் ஆற்றுப் படுகை தாழும், கூடவே கரையோரக் கிணறுகளின் மட்டமும் இறங்கும். காரணமும் காரியமும் ஒரே கயிறு. ஓட்டுக் கதையில் நீதிக்கு வேலையே இல்லை. ஒரு ஓட்டில் ஜெயிப்பது குற்றமா என்ன? அது விசித்திரமான ஒற்றுமை. வட்டிக்காரர் விஷயத்தில், வட்டிக்கும் பக்கவாதத்துக்கும் எந்தக் கயிறும் இல்லை.

ஒரு சின்னக் குறிப்பு. 'காவிய நீதி வழங்கப்பட்டது' என்று எழுதாதீர்கள். வழங்குவது கோர்ட்டு. இதை யாரும் வழங்குவதில்லை. 'காவிய நீதியாக அமைந்தது' என்று எழுதினால் தமிழ் தமிழாக இருக்கும்.

கடைமடை எழுதியது:

வாத்தியார் ஐயா எழுதின சிலைக் கதையைப் படித்துவிட்டு ராத்திரி முழுக்க எங்கள் வாய்க்காலையே நினைத்துக்கொண்டு கிடந்தேன். நான் அதிகம் எழுதுகிற ஆள் இல்லை. இதை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

நானும் அதே பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாதான். எங்கள் வயலுக்குத் தண்ணீர் மூலத்தறை ரெகுலேட்டரிலிருந்து வரும். அதற்கு மேலே ஆழியாறு, தமிழ்நாட்டில். இரண்டு மாநிலமும் போட்ட 1970 ஒப்பந்தப்படி, மணக்கடவு என்ற இடத்தில் அளந்து வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. கேரளத்துக்குத் தர வேண்டும். அந்தச் சண்டை எல்லாக் கோடையிலும் பேப்பரில் வரும். ஆனால் எங்கள் வயல் காய்ந்ததற்கு எந்த மாநிலமும் காரணம் இல்லை. எங்கள் கிளை வாய்க்காலில் மேல்மடைக்காரர் ஒருத்தர்தான் காரணம். பேர் வேண்டாம், பெரியவர் என்றே சொல்கிறேன். நாங்கள் கடைமடை. வெள்ளி, சனி இரண்டு ராத்திரி எங்களுக்கு முறைத் தண்ணீர். அந்த இரண்டு ராத்திரியும் அவர் ஆட்களை வைத்து, உரச்சாக்கில் மணல் நிரப்பி, குறுக்கே ஒரு பனந்துண்டைப் போட்டு வாய்க்காலை அடைத்துவிடுவார். என் அப்பா டார்ச் லைட்டோடு போய் எடுத்துவிட்டு வருவார். திரும்பி வீடு வந்து சேர்வதற்குள் மறுபடியும் அடைத்திருக்கும். கேட்டால் 'எலி வளை தோண்டியிருக்குது, கரை உடையாம இருக்கறதுக்காகப் போட்டிருக்கறன்' என்பார்.

எனக்குப் பதினாலு வயசு இருக்கும்போது, ஐப்பசியில், இவர்கள் துலாவர்ஷம் என்று சொல்கிற அந்த இடிமழை பிடித்தது. சாயங்காலம் நாலு மணிக்குத் தொடங்கி விடியும்வரைக்கும் பெய்தது. அன்றைக்குச் சனிக்கிழமை. சாக்கு போட்டபடியே இருந்தது. மேலேயிருந்து வந்த வெள்ளம் போக வழி இல்லாமல் அவர் களத்துப் பக்கம் கரையை அறுத்துக்கொண்டு இறங்கியது. முதல் போக அறுப்பு முடிந்து நெல் அத்தனையும் அம்பாரமாகக் களத்தில் கிடந்தது. அவர் அரிக்கேன் விளக்கைக் கரையில் வைத்துவிட்டு இடுப்பளவு தண்ணீரில் நின்று சாக்கை இழுத்திருக்கிறார். நாலு பேர் போட்டதை, அதுவும் நனைந்த மணலை, ஒரு ஆள் எடுக்க முடியுமா? அவர் போட்ட சத்தம் கேட்டு என் அப்பாதான் முதலில் ஓடினார். இரண்டு பேரும் சேர்ந்து பனந்துண்டைப் புரட்டும்போது நேரம் கடந்துவிட்டது.

மழை விடவில்லை, நெல்லைக் காயவைக்க வழி இல்லை. நாலாம் நாள் நான் போய்ப் பார்த்தேன். அம்பாரத்துக்குள் கையை விட்டால் சுட்டது. ஒரு பிடி எடுத்தால் ஒரு பிடியாக வரவில்லை. வெள்ளை வேர் ஒன்றோடொன்று பின்னி, பாய் பெயர்வதுபோல ஒரு முழத்துக்குப் பெயர்ந்து வந்தது. புளித்த வாசனை. அந்த வாசனை இன்றைக்கும் எனக்கு மூக்கில் இருக்கிறது.

ஊரில் இதைச் சொல்லாத ஆள் இல்லை. 'தண்ணிய அடைச்சவன் நெல்ல அந்தத் தண்ணியே மொளைக்க வெச்சுருச்சு' என்று நாற்பது வருஷத்துக்கு மேலாக டீக்கடையில் சொல்கிறார்கள். ஐயா சொன்ன கணக்குப்படி அச்சு அசலான காவிய நீதி. நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், சந்தோஷமாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

டீக்கடைக்காரர்கள் சொல்லாத பாகம் ஒன்று உண்டு. அந்த அறுப்புக்கு ஆறு பெண்கள் போயிருந்தார்கள். கூலி நெல்லாகத்தான் அளப்பார்கள், களத்தில் நெல் காய்ந்த பிறகு. அந்த ஆறு பேரின் கூலியும் அதே அம்பாரத்தில்தான் இருந்தது. ஆறில் ஒருத்தர் என் அம்மா. எங்கள் வயலுக்குத் தண்ணீர் வராமல் பயிர் கருகின வருஷம் அது. அதனால்தான் அம்மா அவர் வயலுக்கே அறுக்கப் போனார். எங்கள் தண்ணீரைத் தடுத்த சாக்கு எங்கள் கூலியையும் நனைத்தது. கதையை அம்பாரத்தோடு நிறுத்தினால் நீதி. களத்து மூலையில் முறத்தை வைத்துக்கொண்டு காத்திருந்த ஆறு பேரையும் சேர்த்துச் சொன்னால் அதற்கு என்ன பேர் என்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பல வருஷம் கழித்துப் பெரியவரின் பேரன், எட்டு வயசுப் பையன், கோபாலபுரம் ரோட்டில் லாரி மோதிச் செத்துப்போனான். துக்கம் கேட்கப் போய்விட்டு வந்தவர்களே எங்கள் வாசலில் நின்று 'எல்லாம் அந்தத் தண்ணிப் பாவம்' என்றார்கள். அம்மா மாட்டுக்குக் கழனித்தண்ணீர் கலக்கிக்கொண்டிருந்தார். கையை எடுக்காமலே கேட்டார்: 'அந்தக் கொழந்தை எந்த மடைய அடைச்சுது?'

யாரும் பதில் சொல்லவில்லை. அவரவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்கள்.

கிணத்தடி தங்கச்சி, மொழிபெயர்ப்பாளருக்கு இடம் உண்டா இல்லையா என்பது படித்தவர்கள் சொல்ல வேண்டியது. என் அம்மா அந்தக் கேள்வியைக் கேட்க யாரிடமும் இடம் கேட்கவில்லை.

பழைய வாத்தியார் எழுதியது:

கடைமடை அவர்களே, உங்கள் அம்மாவின் கேள்வியைப் படித்தபோது சிலப்பதிகாரம்தான் நினைவுக்கு வந்தது. பாண்டியன் கோவலனைக் கள்வன் என்று கொன்றான். உண்மை தெரிந்ததும் 'யானோ அரசன் யானே கள்வன்' என்று சொல்லி விழுந்து உயிர் விட்டான். அடுத்தவன்மேல் போட்ட சொல் தன்மேல் வந்து விழுந்தது. அதுவரைக்கும் காவிய நீதி.

அப்புறம் கண்ணகி மதுரையை எரிக்கிறாள். அவ்வளவு கோபத்திலும் தீயிடம் யாரை விட்டுவிடச் சொல்கிறாள்? பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழவி. தீத்திறத்தார் பக்கம் போ என்கிறாள். கணவனைப் பறிகொடுத்து ஒரு நாள் ஆகாத பெண், குழந்தையைத் தனியே பிரித்து நிறுத்துகிறாள். அதே காப்பியத்தில் பிறகு, நீர்ப்படைக் காதையில், அடுத்து வந்த பாண்டியன் வெற்றிவேற் செழியன் கண்ணகிக்கு ஆயிரம் பொற்கொல்லரைப் பலி கொடுத்தான் என்று வருகிறது. பொய் சொன்ன பொற்கொல்லன் ஒருவன். அந்த ஆயிரம் பேரில் யார் எந்தச் சிலம்பைத் திருடினார்கள்? வகுப்பில் இந்த இடத்தை நான் வேகமாகக் கடந்துபோயிருக்கிறேன். அப்படிக் கடந்திருக்கக் கூடாது என்று இப்போது தோன்றுகிறது.

அம்மிணி, மூன்றாவது இடத்தில் நீங்கள் தயங்கியது சரி. கட்டுரை எழுதியவரை நேரில் பார்த்துப் பேசுங்கள். தானாக மாற்றாதீர்கள், கேட்டு மாற்றுங்கள்.

வாளையார் ரோடு எழுதியது:

நான் சொன்னதைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். 'நல்லா வேணும்' என்று நான் தினம் பத்துத் தடவை சொல்கிறவன். கடைமடை அண்ணன் அம்மாவுடைய கேள்வியை வீட்டில் வாசித்துக் காட்டினேன். எங்கள் ஆத்தா இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.

கிணத்தடி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை கட்டுரை எழுதினவரை வாசகசாலையிலேயே பார்த்தேன். மணல் இடத்தில் 'காவிய நீதியாக அமைந்தது' என்று போட்டாயிற்று. ஓட்டு இடத்தில் 'விசித்திரம்' என்று மாற்றச் சொன்னதும் சிரித்துக்கொண்டு சரி என்றார். வட்டிக்காரர் இடத்தில் அரை மணி நேரம் வாதம். 'அவர் செய்ததுக்கு ஒண்ணும் நடக்கலைன்னா ஜனங்க எதை நம்பி இருப்பாங்க?' என்று கேட்டார். அந்தக் கேள்வியையும் லேசாகத் தள்ள முடியவில்லை. என் சித்தி முகம் எனக்கு முன்னால் வந்தது. கடைசியில், தாலிக்கொடி, நகை, நிலப்பத்திரம் என்று அவர் யார் யாரிடம் என்ன வாங்கித் திருப்பித் தரவில்லை என்பதை இன்னும் இரண்டு பத்தி கூட்டி எழுதுவது, பக்கவாதத்தை எடுத்துவிடுவது என்று ஒத்துக்கொண்டார். சித்தியிடம் கேட்டு அவர் விஷயத்தையும் பேர் போடாமல் சேர்த்திருக்கிறோம்.

கடைமடை அண்ணா, ஒன்று கேட்க வேண்டும். அந்த ஆறு பேருக்கும் கூலி கிடைத்ததா?

கடைமடை எழுதியது:

கிடைத்தது தங்கச்சி, அதே நெல்லில். அம்மாவுக்கு அளந்தது இரண்டு பறை நெல். அலசிக் காயவைத்து, வேரைத் தேய்த்து உதிர்த்து, உரலில் குத்தினார்கள். பாதி நொய்யாகப் போனது. கஞ்சி வைத்தால் பசைபோலக் குழையும், லேசாக ஒரு இனிப்பு இருக்கும். தை மாதம்வரைக்கும் அதைத்தான் குடித்தோம்.

அடுத்த அறுப்புக்குப் பெரியவர் ஆள் விட்டுக் கூப்பிட்டபோது ஆறு பேரும் சேர்ந்து போய்ப் பணமாகக் கேட்டார்கள். அதுவும் அரிவாள் வயலில் இறங்குவதற்கு முன்னால். முதல் நாள் முடியாது என்றார். இரண்டாம் நாள் கொடுத்தார்.